மாமிக்கு வந்த 140 டொலர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு வாசகர், பெற்றோல், எரிவாயு எரிப்பதைக் குறைக்கக் கனடாவில் போட்டிருந்த காபன் வரி தொலைந்தது பெரிய நிம்மதி என்றும், இனி அரசாங்கத்தைப் பார்க்காமல் அவரவர் தம் வீட்டில் செய்யக்கூடியதைச் செய்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். பிளாஸ்டிக் பை வாங்காதீர்கள், உடுப்பை வெயிலில் காயப் போடுங்கள், ஹீட்டரை இரண்டு பாகை குறையுங்கள் என்று ஒரு பட்டியலும் தந்திருந்தார். பட்டியலோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் உள்ள எந்தத் தயிர்ப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும்தான் இருக்கும். மீள்பாவனை பற்றித் தமிழ் வீடுகளுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. என்னை உறுத்தியது அந்த "நிம்மதி" என்ற சொல்.

நான் கணக்காளர் இல்லை. ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் எங்கள் பக்கத்து வயதானவர்கள் நாலைந்து பேருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். அவர்களில் ஒரு மாமி, எழுபத்தெட்டு வயது, தனியாக ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். கார் இல்லை. ஹீட்டிங் வாடகைக்குள் அடக்கம். 2024இல் ஒருநாள் தொலைபேசி எடுத்து, "தம்பி, வங்கியிலை 140 டொலர் விழுந்திருக்கு, பிழையா வந்த காசோ? பிறகு திருப்பிக் கேப்பாங்களோ?" என்று கேட்டார். அது காபன் வரியின் றிபேற், அதாவது திருப்பித் தரும் பங்கு, உங்களுடைய காசுதான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் என்றேன். "நான் எங்கை வரி கட்டினனான்?" என்றார்.

அந்தக் கேள்விக்குள் முழு விஷயமும் இருக்கிறது. பெற்றோலுக்கும் சமையல், ஹீட்டிங் எரிவாயுவுக்கும் வரி போட்டு, திரண்ட காசில் 90 வீதத்தைக் குடும்பங்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். எவ்வளவு எரித்தாலும் திரும்பி வரும் தொகை ஒன்றுதான். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2024-25க்கு முதல் பெரியவருக்கு வருடம் 560 டொலர், துணைக்கு 280, பிள்ளைக்கு 140. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 1,120. குறைய எரித்தவருக்கு இலாபம், கூட எரித்தவருக்கு நட்டம். மாமி யாருடைய மனச்சாட்சியையும் தட்டி எழுப்பவில்லை, சூழல் பற்றி ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. குறைவாக எரித்தார், காசு வந்தது. அவ்வளவுதான்.

என் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய வான் வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 லீற்றர் குடிக்கும். லீற்றருக்கு 17.6 சதப்படி 352 டொலர். எரிவாயு 2,400 கன மீற்றர், கன மீற்றருக்கு 15.25 சதப்படி 366 டொலர். அந்த வரிக்கு மேலே 13 வீதம் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி வேறு. வரிக்கு வரி போட்ட அந்தக் கூத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. எல்லாம் சேர்த்து 811 டொலர். வந்தது 1,120. கடைச் சாமான் விலைக்குள் ஒளிந்திருந்த லொறிக் கூலிக்கும் வரி உண்டு, அதையும் கழிக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கழித்தாலும் கையைக் கடித்ததாகச் சொல்ல முடியாது.

அப்படியென்றால் ஏன் எல்லோருக்கும் வயிறு எரிந்தது? எரிவாயு பில்லை எடுத்துப் பாருங்கள். காபன் கட்டணம் என்று தனி வரியில், சதம் சதமாக, மாதாமாதம் அச்சாகி வந்தது. திரும்பி வந்த காசோ 2024 வரைக்கும் வங்கிக் கணக்கில் ஒழுங்கான பெயர்கூட இல்லாமல் விழுந்தது. போகிற காசுக்குப் பெயர் இருந்தது, வந்த காசுக்கு இல்லை. போதாக்குறைக்கு 2019இல் டக் ஃபோர்ட்டின் ஒன்ராறியோ அரசாங்கம் பெற்றோல் நிலையங்களில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிச் சட்டம் போட்டது. காபன் வரியால் பெற்றோல் விலை எவ்வளவு ஏறும் என்று அதில் இருந்தது, றிபேற் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த வருடம் அந்தச் சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. பசை சரியில்லாமல் பல ஸ்டிக்கர்கள் அதற்கு முன்பே கழன்று விழுந்தது வேறு கதை. ஆனால் மண்டைக்குள் ஒட்டியது கழரவில்லை.

அப்போது பிரதமராக இருந்த ரூடோவின் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை, தன் கையாலேயே மண் அள்ளிப் போட்டது. 2023 ஒக்ரோபரில் வீட்டு ஹீட்டிங் எண்ணெய்க்கு மட்டும் மூன்று வருட விலக்கு. அந்த எண்ணெயை நம்பி இருப்பவர்கள் கூடுதலாக அத்திலாந்திக் மாகாணங்களில். எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று இங்கே கேட்டார்கள். நியாயமான கேள்வி. எல்லோருக்கும் ஒரே விலை என்பதுதான் இந்த வரியின் உயிர். ஓர் இடத்தில் அரசியலுக்காக ஓட்டை போட்டதும், என்னைக் கேட்டால், அன்றைக்கே அது செத்துவிட்டது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பொலியேவ் "வரியை வெட்டு" என்று ஊர் ஊராகக் கத்தியது செத்த வீட்டு ஒப்பாரிதான். இத்தனைக்கும் 2021 தேர்தலில் அவருடைய கட்சியே, எரின் ஓடூல் தலைமையில், ஒருவிதக் காபன் விலையோடுதான் வாக்குக் கேட்டது. கடைசியில் வெட்டியவர் மார்க் கார்னி. 2025 மார்ச் 14ஆம் திகதி பிரதமராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டார்.

வரி நின்ற ஏப்ரல் முதலாம் திகதி காலை பெற்றோல் நிலையத்தில் நானும் வரிசையில் நின்றேன், மறைக்கவில்லை. முதல் நாள் டாங்கியைக் காய விட்டு வைத்திருந்தேன். ஐம்பது லீற்றருக்குப் பத்து டொலர் மிச்சம். எனக்கு முன்னால் நின்றவர் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். எல்லோர் முகத்திலும் நத்தார்க் களை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த 280 டொலரும் இதோடு போகிறது என்று அந்த வரிசையில் ஒருவரும் கதைக்கவில்லை. தெரிந்த நானும் வாய் திறக்கவில்லை. கடைசித் தவணை அந்த மாதம் 22ஆம் திகதி விழுந்தது.

இனித் தனிமனிதப் பொறுப்புக்கு வருவோம். வாசகரின் பட்டியலில் பஸ் எடுப்பதையும் சேர்த்துக்கொள்வோம். ஸ்காபரோவில் இருந்த ஒரேயொரு இலகு ரயில் 2023 யூலையில் தடம் புரண்டு, அதோடு நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குப் பதிலான நிலக்கீழ் ரயில் பாதை இன்னும் கட்டப்படுகிறது. அதுவரை பஸ். ஜனவரியில், இரவு வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி வரச் சொல்லி ஒருவரைக் கேட்க எனக்கு வாய் வராது. காரில் போகிறவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டு ரயிலைக் கட்டாமல் இருப்பது என்ன நியாயம்?

"உன் காலடி எவ்வளவு?", அதாவது உன்னால் பூமிக்கு எவ்வளவு சுமை என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். சூழல் காலடியைக் கணக்காக்கும் முறையை 1990களில் உருவாக்கியவர்கள் இங்கேயே, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் றீஸும் அவருடைய மாணவர் மத்திஸ் வாக்கர்நாகலும். நகரங்களும் நாடுகளும் எவ்வளவு நிலத்தைத் தின்கின்றன என்று அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். 2000களின் நடுவில் பிபி என்ற எண்ணெய்க் கம்பனி அந்தச் சொல்லை எடுத்து, உங்கள் காபன் காலடியை நீங்களே அளந்து பாருங்கள் என்று விளம்பரம் போட்டது. எண்ணெய் விற்கிறவன் வாங்குகிறவனைப் பார்த்து, உனக்கு வெட்கமில்லையா என்று கேட்பது போல.

அதற்காக என் அக்காவின் மகன் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன். கம்பனிகள்தான் முழுக் காரணம், நாங்கள் என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறான். கனடாவின் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட எண்ணெய், எரிவாயுத் துறையுடையது, சரி. ஆனால் அவர்கள் குடிக்கவா தோண்டுகிறார்கள்? அது என் வானுக்குள்தான் வந்து சேர்கிறது. நாங்கள் நாலு பேரும் ஒருமுறை ஊருக்குப் பறந்து வந்தால், அந்த வான் வருடம் முழுக்க விடும் புகையைவிடக் கூட. சர்வதேச விமானங்களுக்கு இந்த வரி இருக்கவும் இல்லை. கோயில் திருவிழா, கல்யாணம், செத்த வீடு என்று பறக்கும் எங்கள் சமூகம் இதைப் பற்றி வாயே திறக்காது. நானும் அடுத்த ஆடிக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது, இருபது வருடத்துக்கு முன் ரொறன்ரோவில் கோடை என்றால் புகைமூட்ட எச்சரிக்கை. ஆஸ்துமாப் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று வானொலியில் சொல்வார்கள். அப்போது மாகாணத்தின் மின்சாரத்தில் காற்பங்குக்குக் கிட்ட நிலக்கரியிலிருந்து வந்தது. ஈரி ஏரிக்கரையில் இருந்த நான்ரிகோக் நிலக்கரி மின்நிலையம் வட அமெரிக்காவிலேயே பெரியது. அரசு முடிவெடுத்து ஒவ்வொன்றாக மூடி, 2014இல் கடைசியையும் மூடியது. கரண்ட் பில் ஏறியது, நாங்கள் திட்டினோம், வானம் தெளிந்தது. பல்ப் மாற்றச் சொல்லி எங்கள் காலில் விழுந்திருந்தால் நான்ரிகோக் இன்றைக்கும் புகைத்துக்கொண்டிருக்கும். பிறகு 2023 யூனில் வந்த புகை வேறு, அது காடு எரிந்த புகை. அந்த வருடம் மட்டும் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது.

உங்கள் பத்திரிகையிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, "காபன் வரி ஒழிந்தது" என்று தலைப்புப் போடாதீர்கள். பெரிய தொழிற்சாலைகளுக்கான காபன் விலை ஒழியவில்லை. வீட்டுக்காரர் கட்டியதும், வீட்டுக்காரருக்கு வந்ததும்தான் நின்றது. இரண்டாவது, தைப்பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு மேடைக்கு வரும் எம்.பி.மாரிடம், அதற்குப் பதிலாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் நிருபர் ஒருமுறை கேட்கட்டும். பொங்கல் எப்படி, காரம் போதுமா என்று கேட்டது போதும்.

அப்புறம் அந்த மாமி. 2025 யூலை நடுப்பகுதியில் மறுபடி எடுத்தார். "தம்பி, இந்த முறை அந்த 140 விழேல்லை, நீர் படிவத்திலை ஏதும் பிழை விட்டனீரோ?" படிவத்தில் பிழை இல்லை மாமி, வரியை எடுத்துவிட்டார்கள், அதனால் காசும் இல்லை என்றேன். "எனக்குத்தானே வரி இருக்கேல்லை" என்றார். அதற்கு என்ன சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகன்,
ஸ்காபரோ