எங்கள் துறைமுகத்தையும் தொடக்கூடிய ஒப்பந்தத்தை எங்களுக்கும் வாசிக்கத் தாருங்கள்

வெளிவிவகாரமும் பாதுகாப்பும் பொறுப்பில் உள்ள மதிப்புக்குரியவர்களுக்கு,

திருகோணமலையிலிருந்து வணக்கம்.

2025 ஏப்ரல் 5இல் இந்தியாவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கை பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கைகுலுக்கிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உடன்படிக்கையின் வாசகம் வரவில்லை. 2023இல் யப்பான் தொடங்கிய படை உதவித் திட்டத்திலும் இப்போது இலங்கை இருக்கிறது. யாருடன் சேர்வது என்பதில் உங்களோடு வாதாட வரவில்லை. எழுதியதை எங்களுக்குக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் அம்மம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயது, வயிற்றில் என் பெரியம்மா. ஒரு சீலைப் பொட்டலத்தோடு தம்பலகாமத்து உறவினர் வீட்டுக்கு நடந்தே போனாராம். துறைமுகத்தை அடுத்த சீனக்குடாப் பக்கம் எழுந்த கரும்புகை வழி முழுக்கத் தெரிந்ததாம். திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை. அதையெல்லாம் அமைதியாகத்தான் சொல்லுவார். ஆனால் எண்பது வயதிலும் விமானச் சத்தம் கேட்டால் போதும், எங்களை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். அன்று எரிந்த எண்ணெய்க் குதம் ஒன்றின் எச்சம் இன்றும் சீனக்குடாவில் நிற்கிறது.

அந்த யப்பான் தோற்றது. இனிப் படையே வைத்திருப்பதில்லை என்று அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையில் எழுதியது. 1950இல் கொரியப் போர் வந்ததும் 75,000 பேரைத் திரட்டி அதற்குப் பொலிஸ் சேமப்படை என்று பெயர் வைத்தார்கள். 1951 தொடக்கத்தில் அமெரிக்காவின் விசேட தூதர் டல்லஸ் தோக்கியோ வந்தபோது, பிரதமர் யோஷிதா வெளியே மீண்டும் ஆயுதம் ஏந்துவதை மறுத்துக்கொண்டே, உள்ளே அந்தச் சேமப்படைக்குப் புறம்பாக 50,000 பேர் கொண்ட படைக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டார். அவருடைய மக்களுக்கு அது வெகுகாலம் தெரியாது. அமெரிக்காவின் அணு ஆயுதக் கப்பல்கள் யப்பானியத் துறைமுகங்களுக்கு வருவது பற்றிய 1960ஆம் ஆண்டின் இரகசிய உடன்பாடும் அப்படித்தான். 2010இல்தான் அரசு நியமித்த குழு அதை உறுதிப்படுத்தியது. ஐம்பது வருடம்! அந்தத் துறைமுகங்களின் கரையில் பிள்ளை வளர்த்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. எங்களைப் போன்றவர்கள்தானே அவர்களும்.

அதே 1951 செப்டெம்பரில், யப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்யக் கூடிய சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் எங்கள் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன வான் தாக்குதலால் வந்த சேதத்தைச் சொல்லி, இழப்பீடு வேண்டாம் என்றார். பெருந்தன்மையான பேச்சுத்தான். அம்மம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

1987 யூலையில் கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் எங்கள் ஜனாதிபதி ஜயவர்தனவும் கைமாற்றிய கடிதங்களில் எங்கள் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் இருந்தன. அப்போதும் இங்கே யாரையும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எங்கள் குடாவின் ஆழத்தை எல்லா நாட்டவரும் அளந்து பார்த்தாயிற்று. கரையில் குடியிருக்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் எவருக்கும் நேரமில்லை. வலை போடப் போகிற தம்பிமாருக்கு, இந்த எல்லைக்குள் வராதே என்ற உத்தரவு மட்டும் உடனே வந்து சேர்ந்துவிடுகிறது.

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. 2025இல் இந்தியாவுடன் செய்த உடன்படிக்கை பற்றி விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. அதனால்தான் இப்போது எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

தயவுசெய்து வாசகத்தை முழுமையாக வெளியிடுங்கள். படை இரகசியம் என்று ஏதாவது பகுதி இருந்தால், அது எந்தப் பகுதி, ஏன் மறைக்கிறீர்கள் என்றாவது பாராளுமன்றத்தில் சொல்லுங்கள். தமிழிலும் தாருங்கள். ஒரு பிரதியை எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் வைத்தால் போதும், நாங்கள் போய் வாசித்துக்கொள்வோம்.

பணிவுடன்,
திருகோணமலைவாசி ஒருவர்