இரண்டாங்கட்டில் நடந்தது யார்

உ
சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நாடகத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து போன் இல்லை. நான் முடியும் முன்பே எழுந்து போனதை நீ மேடையோரத்திலிருந்து பார்த்துவிட்டாய் என்று உன் ஆச்சி சொன்னாள். மறுநாள் உன்னைப் பார்க்காமலே பல்லவன் ரயிலில் ஏறி வந்ததும் தப்புத்தான். ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஒத்திகை என்று பட்டினி கிடக்காதே.

நாடகம் நன்றாக இருந்தது. பேய்க்குப் பயந்து மாப்பிள்ளை நெல் குதிருக்குள் இறங்க, அங்கே மாமனார் ஏற்கெனவே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாரே, எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். என் பிள்ளை எழுதியது என்று சொல்ல வாய்வரை வந்தது. ஊரில் வள்ளி திருமணம் போட்டால் பபூனைப் பார்க்க முன்னால் சாக்கு விரித்து உட்காருவாய், முருகன் வருவதற்குள் தூங்கிவிடுவாய். அதெல்லாம் வீண்போகவில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஊஞ்சல் சங்கிலிச் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தாயே, அது நம் வீட்டு ஊஞ்சல்தான்.

ஆனால் நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு நீ வரவில்லை. முதல் பொங்கல் பானை வைக்கக் குடவோலைச் சீட்டு யாருக்கு விழுந்தது என்றுகூடக் கேட்கவில்லை. பங்காளிகள் விசாரித்தார்கள். ஆபீசில் லீவு இல்லை என்றேன். லீவு கேட்கிற மாதிரி ஆபீஸ் இன்னும் இருக்கிறதல்லவா? சரி, அதை விடு. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு.

கடைசிக் காட்சியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பேய் வேஷத்தில் காவல்காரர் வெள்ளிச் சாமானோடு பிடிபடுகிறார். கூட்டமே கைதட்டியது. என்னால் உட்கார முடியவில்லை. நீ வீட்டில் கேட்டதைத்தான் எழுதினாய். உன் மேல் தப்பில்லை.

ராத்திரியில் நம் வீட்டு இரண்டாங்கட்டில் நடந்தது பெரிய ஆயாவின் ஆவி இல்லை. காவல்காரரும் இல்லை. நான்தான், தம்பி. அப்பச்சி பினாங்கிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய வருஷம் உன் ஹாஸ்டலுக்குக் கட்டப் பணமில்லை. பகலில் விற்றால் பங்காளிகளுக்குத் தெரிந்துவிடும். ராத்திரி 12 மணிக்கு மேல் காரைக்குடிப் பழஞ்சாமான் வியாபாரியைப் பின்வாசலுக்கு வரச் சொல்வேன். முதலில் என் சீர் வெள்ளி போயிற்று. அப்புறம் பங்காளிகளுக்குப் பொதுவில் இருந்த பெல்ஜியம் கண்ணாடியும் போயிற்று. அதை இறக்கிய ராத்திரி நீ விழித்து அழுதாய். பெரிய ஆயா நடக்கிறாள், கண்ணை மூடிக்கொள் என்றேன்.

முன்னோர் படைப்புக்குப் பங்காளிகள் கூடியபோது கண்ணாடி எங்கே என்றார்கள். யாரோ காவல்காரரைக் கைகாட்டினார்கள். நான் அடுப்படியில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. வெளியே வரவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் எனக்குப் பின்வாசலைத் திறந்துவிட்டதே அவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. சாவிக்கொத்தை முகப்புத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அப்பச்சிக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

அந்தக் காட்சியை மாற்று. அந்த வீட்டு ஆத்தாவே பிடிபடட்டும். ஜனங்கள் அதற்கும் சிரித்தால் சிரிக்கட்டும்.

அவர் இப்போது தேவகோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாராம். கண் சரியாகத் தெரியவில்லையாம். நீ வந்தால் கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போக நான் இரண்டு தடவை பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கிவிட்டேன்.

சீப்புச்சீடை அனுப்பியிருக்கிறேன். டப்பாவைத் திறந்து வைக்காதே, நமுத்துவிடும்.

ஆத்தா