அந்தச் சாலையில் நாங்கள் இருக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரச் சுற்றுலாப் பகுதியில், கல்லணையில் தொடங்கித் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் வரை போகும் காவிரிக்கரைச் சைக்கிள் பாதை பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் முதல் பத்தியிலேயே, சைக்கிள்காரர் கண்ணில் இதுவரை படாத சாலை என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

காலை ஐந்தரைக்கு அந்தச் சாலையில் வந்து நின்றால் தெரியும். கேரியரின் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு பால்காரர் போவார். பிறகு வயல் வேலைக்குப் போகிறவர்கள், மண்வெட்டியைக் குறுக்குக் கம்பியில் கட்டிக்கொண்டு. எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில், முன்கூடையில் பையும் பின்னால் தங்கையுமாக. இவர்கள் யாரும் உங்கள் கட்டுரையாளருக்குச் சைக்கிள்காரராகத் தெரியவில்லை. நாலாவது படத்தில் ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். அவரைக் கிராமத்துக் காட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் அதே சாலையில், அதே இரண்டு சக்கரத்தில் போகிறவர்தான் ஐயா.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் நானும் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினோம். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ள அதுதான் வசதி என்று பின்னாளில் பலர் அதையே கேட்டு வாங்கினார்கள். வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்த பிறகு, ஓய்வு பெறும் வரை, பள்ளிக்கு ஆற்றங்கரைச் சாலையில் சைக்கிளில்தான் போனேன். நடத்திய பாடம் புவியியல். அந்த உரிமையில் இன்னும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

கோடை விடுமுறையிலோ ஆடியிலோ கிளம்பலாம், சமதளம் என்பதால் போக எவ்வளவு நேரமோ திரும்பவும் அவ்வளவே ஆகும் என்று கட்டுரை சொல்கிறது. சமதளத்தில் மேடு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் சமதளத்தில் காற்றுதான் மேடு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று, கிழக்கே போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். மிதிக்காமலே போகிற மாதிரி இருக்கும். மறுநாள் அதே சாலையில் மேற்கே திரும்பிப் பாருங்கள். வயல்வெளியில் மறைப்பு கிடையாது. காற்று நெஞ்சில் வந்து மோதும். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகராது. மாலையில் பள்ளி விட்டு மேற்கே திரும்பும்போதெல்லாம் தினம் அனுபவித்ததைச் சொல்கிறேன். கோடையில் கதை வேறு. மயிலாடுதுறை தாண்டிவிட்டால் பிற்பகலில் கடற்காற்று எதிரே வரும். புதிதாக வருகிற பிள்ளைகள் உங்கள் கணக்கை நம்பித் தண்ணீர் எடுத்துக்கொண்டால், பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆற்றில் தண்ணீர் எப்போது இருக்கும் என்பதையாவது சொல்லியிருக்கலாம். உங்கள் படங்களில் காவிரி இருகரை தொட்டு ஓடுகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சில ஆண்டுகளில் திறப்பு முன்பின் ஆகும். அணையை மூடிய பிறகு, நீங்கள் சொல்கிற கோடை விடுமுறையில், அவர்கள் பார்க்கப்போவது மணல். அதற்கும் ஓர் அழகு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளத்தைக் காட்டி மணலுக்கு அழைப்பது முறையில்லை.

இனி, என்னை மிகவும் சங்கடப்படுத்திய இடம். விவசாயிகள் தானியத்தைச் சாலையில் பரப்பிப் பயணத்துக்கு இடையூறு செய்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இடையூறு இருக்கிறது. அதை என்னைவிட யார் சொல்ல முடியும்? ஒரு பங்குனியில், சாலையில் பரப்பியிருந்த உளுந்துச் செடி மேல் ஏற்றினேன். கொடி சங்கிலியில் சுற்றிக்கொண்டு பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. விழுந்து முழங்கை பெயர்ந்தது. இன்றும் மழைக்காலத்தில் வலிக்கும். என்னைத் தூக்கிவிட்டு, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, சங்கிலியில் சுற்றிய கொடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தவர் அந்த உளுந்துக்குச் சொந்தக்காரரின் மனைவிதான். ஏனம்மா ரோட்டில் போடுகிறீர்கள் என்று கேட்டேன். களம் எங்கே இருக்கிறது டீச்சர் என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நெல்லும் அப்படித்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழையில் நனைந்த குறுவை நெல்லோ, பனியில் அறுத்த சம்பா நெல்லோ கையில் இருக்கிறவர், வெயில் படும் கெட்டியான தரையைத் தேடி எங்கே போவார்? ஊரில் அப்படிப்பட்ட தரை தார்ச்சாலை ஒன்றுதான். இடையூறு என்ற ஒரு சொல்லை எழுதுமுன் இதைக் கேட்டிருக்கலாம் அல்லவா?

உண்மையான இடையூறு பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று அரசே சொல்லியிருந்தும், பல இடங்களில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். கார்காரருக்கு அது கண்ணிலேயே படாது. ஒல்லியான டயரில் வருகிறவர் அங்கே இறங்கினால் மீண்டும் ஏற முடியாது, சக்கரம் விளிம்போடு உரசிச் சாய்த்துவிடும்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி அப்படித்தான் விழுந்தாள். பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடிக்க, பயந்துபோய் ஓரம் ஒதுங்கினாள். தோள்பட்டையில் காரை எலும்பு முறிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வுக்குக் கட்டோடுதான் வந்தாள். அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். அந்த வாரமே சாலை ஓரம் பற்றித் தங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். வெளிவரவில்லை. இட நெருக்கடி இருந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். இன்று அதே சாலைக்கு வண்ணத்தில் இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோதும் இப்படித்தான். செய்திக்கு மேலே கல்லணையின் படத்தைப் போட்டீர்கள். வெளியூரில் இருக்கும் என் பழைய மாணவர்கள் கல்லணை உடைந்துவிட்டதா டீச்சர் என்று பதறிப்போய் போன் செய்தார்கள். கரிகாலன் காலத்து அணை எது, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டியது எது என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாமலா இருக்கும்? அப்போதும் எழுதினேன். திருத்தம் வரவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் உங்கள் இதழில் இடம்பெறுவது தை மாதத்துத் தியாகராஜர் ஆராதனைக்கும் ஆடிப்பெருக்குக்கும்தான். மற்ற நாளில் இங்கே மனிதர்கள் வாழ்வதாகவே உங்களுக்குத் தோன்றுவதில்லையோ என்ற வருத்தம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு.

வெளியூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வரட்டும். திங்களூர், கணபதி அக்கிரகாரம், கபிஸ்தலம் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து சுவாமிமலை வரை போகிற அந்தப் பாதையில் நிழலும் வாய்க்கால் சத்தமும் கூடவே வரும். நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. அவர்கள் நிறையப் பேர் வந்தால் சாலை ஓரம் சரியாகலாம் என்றுகூட நினைக்கிறேன். பிள்ளைகளுக்காகக் கேட்டுக் கிடைக்காதது அவர்களுக்காகவாவது கிடைக்கட்டும்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில், கட்டுரையோடு வந்த பாதை வரைபடத்தை மறுபடி வெளியிட்டு, அதன் கீழே நாலு வரி சேருங்கள்: ஆனி, ஆடியில் மேற்கே திரும்பும்போது நேரம் மிக அதிகம் ஆகும், ஜனவரி 28க்குப் பிறகு ஆற்றில் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டாம், பங்குனி, சித்திரையில் சாலையில் உளுந்துச் செடி கிடந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவும், பள்ளி நேரத்தில் ஓரமாகப் போகிற பிள்ளைகளை ஒட்டி முந்த வேண்டாம். முடிந்தால், அந்த முதல் பத்தியின் வரியைத் திரும்பப் பெறுங்கள். கட்டுரையாளர் மறுபடி வருவதாக இருந்தால் பள்ளி நாளில் காலை எட்டு மணிக்குத் திருக்காட்டுப்பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். நானும் சைக்கிளோடு வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
திருக்காட்டுப்பள்ளி.