கரும்புக் காட்டில் பெண்களும் இருந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹவாய் கரும்புத் தோட்டங்களில் ஜப்பானியர் பட்ட பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 1920இல் ஓஆஹு தீவில் நடந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வுக்காக மட்டுமே என்று எழுதியிருப்பது சரியல்ல. சம்பளத்தோடு பேறுகால விடுப்பு வேண்டும் என்றும் கேட்டார்கள்: பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் ஆறு வாரம். காட்டில் பெண்கள் வேலை செய்யாமலா இப்படியொரு கோரிக்கை வரும்? கட்டுரையில் ஒரு பெண்கூடக் கண்ணில் படவில்லை.

1908 வாக்கில் ஜப்பானிலிருந்து புதிய தொழிலாளர் வருகை நின்றது. ஏற்கெனவே அங்கிருந்தவர்களின் மனைவிமார் மட்டும் வரலாம் என்று வழி விட்டார்கள். அதனால் போட்டோ பார்த்து, ஊரிலேயே கல்யாணத்தைப் பதிவு செய்து, முன்பின் காணாத கணவனைத் தேடி ஆயிரக்கணக்கான பெண்கள் கப்பலேறினார்கள். மாப்பிள்ளை அனுப்பியது பத்து வருஷத்துக்கு முந்தைய போட்டோ என்பது துறைமுகத்தில்தான் தெரியும். நம் ஊர்த் தரகர்கள் தோற்றார்கள்!

ஹொனலுலுவில் என் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பெரியவருடைய அம்மா அப்படி வந்தவர்தான். தோட்டத்தில் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை, உரிக்கும் வேலை. சோகை அறுக்காமலிருக்க முழங்கை வரை துணி உறை, காலில் சுற்றுத்துணி, முகத்தை மூடிய துண்டு, அதற்கு மேல் தொப்பி; அந்த வெயிலில் இவ்வளவும். கழுத்தில் நம்பர் போட்ட தகடு. கங்காணி கூப்பிடுவதும் நம்பரைச் சொல்லித்தான், தோட்டத்துக் கடையில் கடன் எழுதுவதும் அந்த நம்பரில்தான். சோகை உரிக்கும்போது பெண்கள் பாடிய பாட்டுகளில் கணவனும் கங்காணியும் படாதபாடு படுவார்களாம். பிள்ளைகள் பாடச் சொன்னால் மட்டும் அம்மா வாயைத் திறக்க மாட்டார்.

மாலையில் அடுத்த வேலை. கல்யாணமாகாத ஆட்களின் அழுக்குத் துணியை வாங்கி வந்து, தகர டின்னில் வேகவைத்து, செம்மண் கறை போகும்வரை கட்டையால் அடித்துத் துவைப்பார். “நாங்கள் படித்தது அப்பா கூலியில் இல்லை, அந்தத் துணிக் காசில்” என்று பெரியவர் அடித்துச் சொல்கிறார்.

அவருடைய அண்ணன் இரண்டாம் உலகப் போரில், ஜப்பானிய வம்சாவளியினரைக் கொண்ட 442ஆவது படைப்பிரிவில் சேர்ந்து இத்தாலியில் அமெரிக்காவுக்காகச் சண்டை போட்டவர். ஜப்பானில் பிறந்தவர் என்பதால் பெற்றவளுக்கோ அமெரிக்கக் குடியுரிமை கேட்கவே சட்டத்தில் இடமில்லை. 1952இல்தான் அது மாறியது. ஐம்பது வயது தாண்டி, இருபது வருஷம் அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஆங்கிலம் கட்டாயமில்லை என்றும் ஆனது. அப்புறம் குடியுரிமைத் தேர்வுக்காக அம்மா சமையலறையில் உட்கார்ந்து ஜனாதிபதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய, தப்பு கண்டுபிடிக்கும் வாத்தியார் கடைக்குட்டியான இவர்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கே இன்று தொண்ணூறு வயதாகிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் தோட்டத் தொழிலாளர்களின் நேர்காணல்களைச் சேர்த்து இணையத்திலும் வைத்திருக்கிறது. கட்டுரையாளர் அவற்றைப் படித்துவிட்டு, பெண்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். வேலைநிறுத்தம் பற்றிய அந்த வரியையும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
மதுரை வாசகி