ஒமாகா மணலில் பத்து நிமிஷம்

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. பாரிஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து ஒரு நாள் நார்மண்டிக் கடற்கரைக்கும் போய் வந்தோம். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று ஜெர்மனியை எதிர்த்து நேச நாட்டுப் படை இறங்கியதே, அதே இடம். கடல் வழியாகவும் வானத்திலிருந்தும் அன்று ஒரே நாளில் சுமார் 1,56,000 பேர் இறங்கினார்கள். ஐந்து கரைகளில் நான் பார்த்தது அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாகா மட்டும்.

நாங்கள் போன நேரம் கடல் உள்வாங்கியிருந்தது. தண்ணீர் ஓரத்திலிருந்து மேடு வரை நடந்து பார்த்தேன். வெறுங்கையோடு நடந்தே என் முழங்காலுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. படையும் நீர் வற்றிய நேரம் பார்த்துத்தான் வந்தது. ஜெர்மானியர்கள் மணலில் நட்டிருந்த இரும்புத் தடைகளும் கண்ணிவெடி கட்டிய மரங்களும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். படகுக்கு அது நல்லது. ஆளுக்கு? நனைந்த உடுப்பு, முதுகில் முப்பது கிலோ, வாந்தியெடுத்துக் காலியான வயிறு, எதிர்மேட்டில் இயந்திரத் துப்பாக்கி. துணைக்கு வரவேண்டிய டாங்குகளுக்குக் கான்வாஸ் திரை கட்டி மிதக்கவிட்டிருக்கிறார்கள்! ஒரு பிரிவு தொலைவிலேயே கடலில் இறக்கிய 29இல் 27 மூழ்கிப்போயின. அலை அடித்த அடி அப்படி.

அப்புறம், உனக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். முதல் அணியாக வந்த ஒரு படைப்பிரிவில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துப் பெட்ஃபோர்டு என்ற சின்ன ஊர்ப் பையன்கள் நிறையப் பேர். நேஷனல் கார்டு என்ற மாநிலத் துணைப்படையில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள், அதனால் ஒன்றாகவே அனுப்பப்பட்டார்கள். பத்தொன்பது, இருபது பேர் அன்றே போய்விட்டார்கள். ஊருக்குச் சேதி வந்தது ஆறு வாரம் கழித்து. மருந்துக்கடைக்குள் இருந்த தந்தி இயந்திரத்தில், ஒரு காலையில், ஒன்றன்பின் ஒன்றாக. வாங்கிக்கொண்டது ஒரு இளம்பெண். எல்லாம் தெரிந்த வீட்டுப் பெயர்கள்.

எனக்கு உடனே உன் ஞாபகம்தான். நீ தந்தி ஆபீஸில் இருந்த காலத்தில், சாவுத் தந்தி வந்த அன்று வீட்டில் வாயே திறக்கமாட்டாய், சோற்றையும் தொடமாட்டாய் என்று தங்கச்சி சொல்லும். அந்தப் பெண் அன்று மத்தியானம் சாப்பிட்டிருப்பாளா?

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன். தை பிறந்ததும் வருகிறேன். அந்தப் பழைய ஆபீஸ் கதைகளை இந்தத் தடவை நீ சொல்லத்தான் வேண்டும்.

அன்புடன்,
சுந்தரம்