2020ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு வந்ததும் நம் மாதக் கூட்டங்கள் நின்றன. மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கடலூர் மாவட்டத்துக்குத் திரும்பிய கூலித் தொழிலாளர்களை, நோயைச் சுமந்து வந்த குற்றவாளிகள் மாதிரி ஊர் பார்த்தது. அவர்கள் வீடுகளுக்கு அரிசியும் சோப்பும் கொண்டுபோனதுதான் ஆண்டின் முதல் வேலை.

ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் இறந்த செய்தி வந்தபிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. தெருவில் இறங்கினால் தொற்றைப் பரப்பிவிடுவோமோ என்ற பயமும் இருந்தது. செயற்குழு இரண்டு இரவு போனிலேயே பேசி, இறங்குவது, ஆனால் ஒழுங்கோடு இறங்குவது என்று முடிவெடுத்தது. செப்டம்பர் கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் ஹத்ராஸில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பட்டியலினப் பெண்ணின் மரணம், அக்டோபரில் நம் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் பட்டியலின ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைத்த கொடுமை, வேளாண் சட்டங்களை எதிர்த்து டிசம்பர் 8 விவசாயிகள் நடத்திய பந்த் என எல்லாவற்றுக்கும் அந்த முடிவுப்படியே நின்றோம்.

மஞ்சக்குப்பம் தலைமைத் தபால் நிலையம் அருகே ஆறடிக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டோம். அறுபது வயதைக் கடந்தவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் அவரவர் வீட்டு வாசலில் பதாகையோடு நின்றார்கள். சத்தமாகக் கோஷம் போட்டால் எச்சில் துளி அதிகம் தெறிக்கும் என்பதால் பறை எடுத்தோம். வியர்வையில் நனைந்த முகக்கவசம் பயன்படாது. அதனால் ஆளுக்கு ஒரு மாற்றுக் கவசத்தை மகளிர் அணியினர் தைத்துக் கொடுத்தார்கள். மூத்த தோழர் ஒருவர் பேச்சு வேகத்தில் கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டார். பக்கத்து வட்டத்தில் நின்ற மாணவி பதாகைக் கம்பால் அவர் தோளைத் தொட்டு, தன் மூக்கைக் காட்டினாள். அவர் சரிசெய்துகொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

‘சமூக இடைவெளி’ என்ற சொல்லை நம் துண்டறிக்கைகளில் ஓரிடத்திலும் போடவில்லை. ‘எட்டி நில்’ என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்களிடம் அதே சொல்லோடு போக மனம் வரவில்லை. ‘உடல் இடைவெளி’ என்றே அச்சடித்தோம்.

நாம் கோட்டைவிட்ட இடம் திடல் அல்ல, கல்யாண மண்டபம். ஒருமுறை கைதானபோது வேனில் நெருக்கி உட்கார்ந்து போனோம். மண்டபத்தில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மதியம் பொட்டலம் வந்ததும் எல்லோரும் கவசத்தைக் கழற்றி வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான்காம் நாள் இருவருக்குக் காய்ச்சல்; ஒருவருக்கு மல்லிகை வாசனைகூடத் தெரியவில்லை. இருவரும் குணமாகிவிட்டார்கள். அன்று ஜன்னலைத் திறக்கச் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதற்கப்புறம் மண்டபத்துக்குப் போனால் முதலில் ஜன்னல், பிறகு இரண்டிரண்டு பேராகச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டோம்.

வந்தவர்களின் போன் எண்கள் ஒரே நோட்டில், ஒரே தோழரிடம் இருந்தன. யாருக்காவது காய்ச்சல் என்றால் மற்றவர்களுக்குச் சொல்லத்தான் அந்த நோட்டு. அது வேறு கைக்குப் போனால் வந்தவர்களுக்குத் தொல்லை. ஆகவே பதினான்கு நாள் கழிந்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்து எரித்தோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இம்மாதம், 2021 ஜனவரி 16ஆம் தேதி, கொரோனா தடுப்பூசி தொடங்கியிருக்கிறது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் பெயர் பட்டியலில் விடுபடாமல் பார்ப்பதைப் புதிய நிர்வாகக் குழு முதல் வேலையாக எடுத்துக்கொள்ளக் கோருகிறேன்.

தோழமையுடன்,
செயலாளர்