செயலாளர் ஆண்டறிக்கை – பொதுக்குழுக் கூட்டம், அல்சூர், பெங்களூரு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, ஞாயிறு தமிழ் வகுப்பு, கண் பரிசோதனை முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. திருவள்ளுவர் நாளன்று ஏரிக்கரைச் சிலைக்கு மாலை அணிவித்தோம்.

இந்த ஆண்டு புதிதாகச் செய்தது மாணவர் புகைப்படக் கண்காட்சி. சுதந்திர தினத்தை ஒட்டி இரண்டு நாள் நம் கூடத்திலேயே நடந்தது. 'எது என் இந்தியா?' என்பது தலைப்பு. பேச்சுப் போட்டி இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு என்று செயற்குழுவில் கேட்டார்கள். பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் நாம் எழுதிக் கொடுப்பதை ஒப்பிக்கிறார்கள். படம் என்றால் அவர்களே போய்ப் பார்த்து எடுக்க வேண்டும். அதனால்தான் பிடிவாதமாக நின்றேன்.

மொத்தம் 41 படங்கள். தேசியக் கொடி இருந்தவை ஐந்தாறுதான் என்று சிலருக்கு வருத்தம். ஒரு மாணவி, தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் பாயில் வரிசையாக வைத்து எடுத்திருந்தாள். ஒன்று தமிழ், ஒன்று கன்னடம், ஒன்று ஆங்கிலம். மூன்றிலும் பெயர் மூன்று மாதிரி. ஓரத்தில் தாத்தாவின் ஆள்காட்டி விரல், நகத்தில் ஓட்டுப் போட்ட மை. 2001இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பிழைக்க இங்கே வந்த குடும்பம் அது. இதைவிட என்ன கொடி வேண்டும்?

இன்னொரு படத்தில், வள்ளுவர் சிலையின் கீழே ஓர் ஆட்டோ ஓட்டுநர் கன்னட நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். 1991 முதல் 18 ஆண்டுகள் அந்தச் சிலை மூடியே கிடந்ததும், 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்ததும், அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறந்ததும் படம் எடுத்த பையனுக்குத் தெரியாது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்று அரை மணி நேரம் சொன்னார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். இந்தக் கண்காட்சியை நடத்தியது வீண் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போய் அழைப்பிதழ் கொடுத்தும், திறப்பன்று வந்த உறுப்பினர்கள் பதினொரு பேர். பிள்ளைகள் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது வந்து 'இது நீ எடுத்ததாப்பா?' என்று கேட்டிருந்தால் போதும். சந்தாவும் அப்படித்தான், பாதிக்கு மேல் பாக்கி. மூன்று ஆண்டாகக் கட்டாதவர்களும் உண்டு, பெயர் சொல்ல விரும்பவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக வந்தன. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். அச்சில் காவி நிறம் மஞ்சளாகிப்போய்ச் சில படங்களை மறுபடி போட வேண்டியிருந்தது. அந்தத் தொகையை நானும் இரண்டு நண்பர்களும் பகிர்ந்துகொண்டோம்.

ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் போட்ட மகளிர் அணி, சணல் கயிறு கட்டிப் படம் மாட்டிய இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் கண்காட்சி உண்டா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கையிருப்பைப் பார்த்தால் உண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படங்களை இன்றும் பின்சுவரில் மாட்டியிருக்கிறோம், சாப்பிடப் போகும் முன் ஒரு முறை பாருங்கள். ரசீதுப் புத்தகம் அங்கேயே மேசைமேல் இருக்கிறது.